வசந்தி அக்கா கேட்ட கடைசிக் கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து வந்த ஒரு தம்பதி என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு வீடுகளையும் இப்போதே மகனுக்கு எழுதிவிட்டால் வரி வராதுதானே என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்த போன் அதிர்ந்தது. வசந்தி அக்கா போய்விட்டார். மாரடைப்பு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பதில் சொல்லத் தொடங்கினேன். இந்த அவுஸ்திரேலியாவில் சாவுக்கும் வரி இல்லை, கொடைக்கும் வரி இல்லை. ஆனால் வாடகை வீடுகளைச் சும்மா கொடுத்தாலும் சந்தை விலைக்கு விற்றதாகவே கணக்கெடுப்பார்கள். உயிலில் எழுதினால் பிள்ளை விற்கும் நாள்வரை அந்த வரி காத்திருக்கும். பாதியில்தான் உறைத்தது, நான் சொல்வதெல்லாம் அக்காவின் வசனங்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போனவன் திரும்பி வரக் கால்மணி நேரமாயிற்று.

அன்றிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதையும் எழுந்து நடந்து நடந்துதான் எழுதுகிறேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? சிட்னியில் வசதியான தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் உயில் வழக்கறிஞரான அவர் கையால் எழுதியது. நான் வரிக் கணக்காளன். பதினெட்டு வருடம் என் வாடிக்கையாளர்களை அவரிடம் அனுப்பினேன். பாதிப்பேர் கோபத்தோடு திரும்பி வந்தார்கள். அக்காவின் நாக்கு அப்படி. தகப்பனோடு கூட வந்து, தகப்பனுக்குப் பதிலாகவும் பேசிக்கொண்டிருந்த ஒரு மகனைப் பார்த்து, “உங்கடை அப்பா இன்னும் உயிரோடைதான் இருக்கிறார். நீங்கள் காரிலை போய் இருங்கோ” என்று சொன்னவர்.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துக்கு முன்னால், பேனையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்: “ஆரை விட்டுப்போட்டீங்கள்?”

கெல்லிவில்லிலிருந்து வந்த டாக்டர் ஒருவரிடமும் கேட்டார். நானும் அங்கிருந்தேன். நான்கு வீடு, ஒரு கிளினிக், எல்லாம் அவர் பெயரில். இரண்டு மகன்களுக்கும் பிரித்தாயிற்று. தங்கையின் மகனுக்கும் உண்டு. கோயிலுக்குக்கூட ஒரு பங்கு. டாக்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஒருவரையும் விடவில்லை என்றார். அவருடைய மனைவி பக்கத்துக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். அக்கா அந்த அம்மாவையே பார்த்தார். டாக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “அவவுக்கென்ன, பெடியள் பாப்பாங்கள்தானே” என்று சிரித்தார். அந்த அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார்: “எனக்கு என்ரை பேரிலை ஒரு குசினி வேணும்.” உயிலை முதலிலிருந்து எழுதவேண்டியதாயிற்று. டாக்டர் போய்விட்டார்; அந்த அம்மா இப்போதும் தன் பெயருக்கு வந்த வீட்டில், தன் குசினியில்தான் சமைக்கிறார்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. மனைவி போனபின், என் உயிலையும் அக்காவிடம்தான் கொண்டுபோனேன். எல்லாம் மகளுக்கு. அக்கா பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். என் மகன் குகனை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கிளப்புகளில் இருக்கும் சூதாட்ட இயந்திரங்களில் ஆடி, வேலை, கார், கலியாணம் எல்லாவற்றையும் தொலைத்தவன். அவன் கடனை இரண்டு தரம் நான் அடைத்தேன். மூன்றாவது தரம் கதவைச் சாத்தினேன். அவனுக்கு ஒரு சதமும் இல்லை என்று அக்காவிடம் கத்தினேன். அவன் கைக்குப் பணம் போகாமல் வாடகை, மருந்து என்று தேவைக்கு மட்டும் போகும்படி ஒரு ட்ரஸ்ட் எழுதலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

“ரகு, அவனுக்குக் காசு குடுக்கச் சொல்லேல்லை. பேரை எழுதச் சொல்லுறன்.”

கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் மெல்பேணில், ரோவிலில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போனபோது, முன்பின் தெரியாத ஒரு வழக்கறிஞரிடம் கையெழுத்து வைத்தேன். எப்படிப்பட்ட கோழைத்தனம்! பிறகு அக்கா ஒருநாள், முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம் என்று இந்த நாட்களெல்லாம் அவர்மேல் எனக்குக் கோபம்.

இறுதிச் சடங்கில் குகன் நின்றான். நாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மெலிந்திருந்தான். சட்டை கசங்காமல் இருந்தது. என்னிடம் வந்து, “அன்ரி மாசா மாசம் எனக்குப் போன் எடுக்கிறவ, அப்பா. நீங்கள் சொல்லித்தான் எடுக்கிறா எண்டு நினைச்சன்” என்றான். நான் சொல்லியிருக்கவில்லை. கார் வரைக்கும் சேர்ந்து நடந்தோம், அவ்வளவுதான்.

அக்காவின் ஆன்மா அமைதி கொள்ளட்டும் என்று எழுதக் கை வரவில்லை. அமைதியாக இருந்த மனுசியா அவர்? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். அது என்னை இருக்க விடுவதாயில்லை.

நேற்று, அக்காவின் கோப்புகளைப் பொறுப்பெடுத்திருக்கும் இளம் வழக்கறிஞரிடம் போனேன். பழைய உயிலை மாற்றவேண்டும் என்றேன். வீடு, ஓய்வூதிய நிதி, பொறுப்பாளர் யார் என்று கணினியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார். அந்தக் கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “அவ்வளவுதான் அங்கிள்” என்று பேனையை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. “இல்லைத் தம்பி, ஒரு ஆளை விட்டுப்போட்டன்” என்றேன்.

பெயரைக் கேட்டார், சொன்னேன். உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்.

“மகன்” என்றேன்.