அக்கா வீட்டு ஓட்டு

மாசி என்ற இந்த அயல்நாட்டுப் புறநகரில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், ஈரத்துணிகளை மடக்குக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. எனக்கு ஞாயிறு காலை. டாலஸில் இருக்கும் அக்காவுக்கு இன்னும் சனிக்கிழமையே முடியவில்லை. வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசுவது அந்த ஒரு அழைப்பில்தான். மற்ற நாட்களில் ஆபீஸ், பஸ், அறை.

"இந்தத் தடவை நான் மாத்திப் போட்டுட்டேன்டா," என்றாள், சாம்பார்ப் பொடி பிராண்டை மாற்றியதுபோல.

"ஓட்டா?"

"பின்ன, கம்மலா?"

நியூ ஜெர்சியில் இருந்தபோது அவளும் அவள் கணவரும் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டைப் போட்டார்கள். பிறகு அவருடைய வேலை டெக்சாஸுக்கு மாறியது. இப்போது அவள் ஓட்டும் மாறிவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பதை நான் எழுதப்போவதில்லை. இதை எழுத அவள் போட்ட ஒரே நிபந்தனை அது.

கையில் ஒரு சட்டையோடு அப்படியே நின்றேன். ஒரு மாநிலத்தின் மனம் மாறுகிறது என்கிறோமே, அங்கேயே இருக்கிறவர்கள் மாறுகிறார்களா, இல்லை வீடு மாறி வந்தவர்கள் அதை மாற்றுகிறார்களா? வீடு மாறும்போது மனிதருக்குள்ளேயே ஏதாவது நகர்கிறதா?

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. ஆபீஸிலும் தரவுதான் என் பிழைப்பு. அதனால் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை மாவட்டவாரியாக இறக்கி வரைபடம் போடுவது கஷ்டமாக இல்லை. முந்தைய தேர்தலைவிட ஓட்டு எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் ஒரு சின்ன அம்பு. அந்த நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளில், வரைபடங்களில் நீலமாகக் காட்டப்படும் கட்சிக்கு இடப்பக்கம், சிவப்புக் கட்சிக்கு வலப்பக்கம். ஒரு காலத்தில் ஊசலாடிக்கொண்டிருந்த ஒஹாயோவும் ஃப்ளோரிடாவும் சிவப்பில் போய் உட்கார்ந்திருந்தன. எப்போதும் சிவப்பு என்று எழுதி வைத்திருந்த ஜார்ஜியா இழுபறியாகியிருந்தது. டெக்சாஸுக்குள்ளேயே எல்லையோர ஊர்கள் ஒரு பக்கம் போக, பெருநகரங்களின் புறநகர்கள் கொஞ்ச காலம் எதிர்ப்பக்கம் போயிருந்தன. நான் கால் வைத்தே இராத நாட்டின் ஊர்ப்பெயர்கள் எனக்கு மனப்பாடமாயின. மாசியில் அடுத்த தெருவின் பெயர் தெரியாது.

வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். சமையலறையில் லேப்டாப்போடு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "என்ன தம்பி, இன்னும் அமெரிக்காவோ?"

"ஆமாங்க ஆன்ட்டி."

"அங்கை ஆர் வெண்டாலும் இஞ்ச வாடகை குறையாது. தேத்தண்ணி ஆறுது, குடியும்."

அந்த வரைபடத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். டாலஸ் புறநகரில் ஒரு தமிழ் வீடு, அதன் இரண்டு ஓட்டும் பக்கம் மாறிவிட்டன என்று தொடங்கினேன். எந்தப் புறநகர் என்றுகூடப் போடவில்லை. நல்ல தொடக்கம் என்ற சந்தோஷத்தில் முதலில் அக்காவுக்குத்தான் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. நானே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. துணி காய்ந்தது, மடித்தேன், மழை வந்தது. அந்த அறையில் என் குரலே எனக்குக் கேட்டு நாளாகிவிட்டதென்று தோன்றி, சும்மா தொண்டையைச் செருமிப் பார்த்தேன்.

ஒரு வாரநாளில், ஆபீஸ் கார் பார்க்கில் மதியச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"ரெண்டு ஓட்டுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

"நீதானே சொன்ன..."

"நான் மாத்திப் போட்டேன்னு சொன்னேன். மாமாவும் மாத்துனாருன்னு சொன்னேனா?"

எனக்கு வாயில் சோறு. எங்கள் ஊரில் தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் வாசலில் நின்று, "இந்த வீட்ல எத்தனை ஓட்டு சார்?" என்று கேட்பார்கள். அப்பா "நாலு" என்பார். நான்கும் ஒரே பக்கம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். அம்மாவை யாரும் கேட்டதில்லை. இத்தனை மாவட்டங்களை அலசிய நானும் அக்கா வீட்டு வாசலில் நின்று அதே கணக்கைத்தான் எழுதியிருக்கிறேன்.

"மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பயமெல்லாம் இல்லடா. ஒரே காருல போனோம், ஒரே வரிசைல நின்னோம். திரும்பி வர்றப்ப அவர் பாட்டுக்குப் பேசிட்டே வந்தாரு, நம்ம ஆளு ஜெயிச்சுருவாருன்னு. நம்ம ஆளு. நான் ஜன்னலப் பாத்துட்டு வந்தேன். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. உன்கிட்ட சொன்னேன். நீ அம்பு போட்டுட்ட."

தனியாக இருப்பது நான் மட்டும்தான் என்று இவ்வளவு நாளாய் நினைத்திருந்தேன். அவள் ஞாயிறுதோறும் கூப்பிட்டது எனக்காக மட்டுமல்ல.

கட்டுரையைத் தூக்கிப் போட்டேன். அதைச் சொன்னபோது, "ம்," என்று மட்டும் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து, வழக்கமான ஞாயிறு.

"சொல்லிட்டேன்டா மாமாகிட்ட."

"என்ன சொன்னாரு?"

"ரெண்டு நாள் பாத்திரமெல்லாம் டங்கு டங்குன்னு விழுந்துச்சு. அப்புறம் சாப்பிடறப்ப சொல்றாரு, உன் ஓட்டும் என் ஓட்டும் கழிஞ்சுபோச்சு, நாம வீட்லயே தூங்கியிருக்கலாம்னு." சிரித்தாள். "இப்ப கார்ல நம்ம ஆளுன்னு சொல்றதில்ல. என் ஆளுங்கறாரு. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பரவால்ல. நீ எழுதிக்கோ."

என் வரைபடத்தில் அம்பே இல்லாத மாவட்டங்கள் சில உண்டு. அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று தள்ளிவிட்டிருந்தேன். அன்று அவற்றைத் திறந்து வெகுநேரம் பார்த்தேன். ஒன்றையொன்று கழித்துக்கொண்ட எத்தனை வீடுகளோ, எத்தனை பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு திரும்பினார்களோ.

"அது சரி, நீ யாருக்குப் போட்ட?" என்றாள் அக்கா.

"நானா? எங்க?"

"உங்க ஊர்லதான். ரெசிடென்ட் விசா இருந்தா அங்க ஓட்டு உண்டுன்னு நீதானே பீத்திக்கிட்ட?"

உண்டுதான். ஆனால் நான் பதிவுகூடச் செய்துகொள்ளவில்லை. இந்த ஊரில் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

"அடுத்தவன் ஓட்ட மட்டும் நல்லா நோண்டு," என்றாள்.

அமெரிக்க வரைபடத்தை மூடிவைத்திருக்கிறேன். பெயரைப் பதிவு செய்துவிட்டு, இங்குள்ள கட்சிகள் என்ன சொல்கின்றன என்று முதலிலிருந்து படிக்கவேண்டும். வீட்டுக்காரம்மாவிடம் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும். அவர் யாருக்கு என்றல்ல, ஏன் என்று. வாக்குச்சாவடிக்கு நடந்தே போவதாக இருக்கிறேன், தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டு. போட்டுவிட்டு வந்து, ஞாயிறுவரை காத்திராமல், அங்கே என்ன நேரமாக இருந்தாலும், முதலில் அக்காவிடம் சொல்லவேண்டும்.