ஆறு பாயிண்டு மேட்ச்சு

சிலமலை ராஜாராமுக்கு ஜீப் ஓட்டுவதில் பயமே கிடையாது. ஏலக்காட்டில் காய் எடுக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் பாட்டுப் பாடியபடியே ஏறுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டீயரிங்கில் அவன் கை வேர்த்து வழுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்தது சிலமலை ஃபுட்பால் டீம். அவன்தான் கோல்கீப்பர்.

“ஆறு பாயிண்டு மேட்ச்சுண்ணே இது,” என்றான் கேப்டன் பாண்டியராஜ்.

“தெரியும். சும்மா வாடா.”

லீக் பட்டியலில் கடைசி இரண்டு இடத்தில் இருக்கிற டீம்கள் மோதினால் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஜெயித்தால் நமக்கு மூன்று பாயிண்டு. எதிராளிக்குக் கிடைக்கவேண்டிய மூன்றும் போச்சு. இன்றைய எதிராளியான மலைமேல் எஸ்டேட் டீம் இவர்களைவிட ஒரு பாயிண்டு பின்னால் இருந்தது. இதுதான் இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம்; டிரா செய்தாலே சிலமலை தப்பும். தோற்றால் அடுத்த வருஷம் லீக்கிலேயே இல்லை.

போன ஆட்டத்தில் ராஜாராமின் காலிடுக்கில் பந்து உருண்டுபோன கதை இன்னும் டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றும் விட்டால், டீமை ஒழித்தவன் அவன்தான்.

எஸ்டேட் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் சரிவு, அதன் கீழே ரோடு. தினமும் அவன் ஜீப்பில் வருகிற அய்யம்மாள் ஓரத்தில் நின்று கத்தினாள்: “என்ன டிரைவரண்ணே, இந்தக் குளிர்லயும் வேர்த்துக் கொட்டுது?”

ஆட்டம் முடியப்போகும்வரை கோலே விழவில்லை. அப்போது சிலமலைக்காரன் ஒருவன் கையில் பந்து பட, பெனால்டி. அடிக்க வந்தவன் வினோத்குமார். அவனும் ஜீப்பில் வருகிறவன்தான்.

“எந்தப் பக்கம்ணே வேணும்? அங்கயே அடிக்கிறேன்.”

ராஜாராம் கோல்கோட்டில் போய் நின்றான். கண் இருட்டியது. வினோத்குமார் ஓடி வந்தான்.

அதே நேரம் கீழே ரோட்டில் மலையேறுகிற ஜீப் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். அது அந்த ரோட்டின் வழக்கம். ராஜாராமின் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. பந்தை அவன் பார்க்கவே இல்லை. விலாவில் இடி விழுந்ததுபோல் இருந்தது. பந்து கோலுக்கு மேலே எகிறிச் சரிவில் போய் விழுந்தது.

விசில் ஊதினார்கள். டிரா. பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

“எப்பிடிண்ணே கண்டுபிடிச்ச?”

“ஹாரன் கேட்டுச்சுடா. ஒதுங்குனேன்.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அடுத்த வருசமும் நீதாண்ணே நமக்குக் கோல்கீப்பரு!”

அதைக் கேட்டதும், யாருக்கும் வண்டியைக் கொடுக்காத ராஜாராம் சாவியைப் பாண்டியராஜிடம் நீட்டினான்.

“நீ ஓட்டு அப்பு. எனக்குப் பிரேக்குல காலு நிக்காது.”