செல்வமணி சாரின் கணினி இப்போது திக்குவதில்லை

திங்கட்கிழமை காலை கடலூர் அலுவலகத்துக்கு எல்லோரும் வந்துவிட்டோம், செல்வமணி சாரைத் தவிர. சிதம்பரம் பஸ் தாமதம் போல என்று நினைத்தேன். அவருடைய மைத்துனர் போன் செய்தார். "மாமா விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டாருங்க."

சாருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பட்டா மனுக்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. அவருடைய லினக்ஸ் கணினி திரையிலிருப்பதைக் காதில் படித்துச் சொல்லும், அவர் தட்டச்சு செய்வார். அந்தக் குரலின் வேகத்தில் பக்கத்து நாற்காலிக்காரனான எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

போன வருடம் அது திக்கத் தொடங்கியது. 'நூற்று நாற்பத்திரண்டு' என்பதில் நூற்றை விழுங்கிவிட, கீரப்பாளையத்துப் பெண்மணி ஒருவருக்குத் தவறான சர்வே எண்ணோடு கடிதம் போனது. அவர் நேரிலேயே வந்துவிட்டார். "ஊர்க் கொளத்த எம்பேர்ல எழுதிட்டீங்களே, மீனும் எனக்குத்தானா?" சார் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

"இனிமே நீங்க சும்மா உக்காருங்க, போதும்."

"தப்பு என்னுதுதான் சார். ஏன் திக்குதுன்னு கண்டுபிடிச்சா வேலையத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"பாக்கலாம்."

ஹெட்போனை மாற்றினோம். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் நான் அந்தக் கணினியில் மெதுவாக நாதஸ்வரம் ஓடவிட்டிருந்தேன். சார் கையைத் தூக்கினார்.

"பாட்டு ஓடுறப்ப திக்கல, கவனிச்சீங்களா? சத்தம் இல்லன்னா சவுண்ட் கார்டு தூங்கிடுது. எழுந்து வர்றதுக்குள்ள மொத வார்த்த போயிடுது. சும்மா வெச்சா எதுவும் அப்படித்தாங்க."

மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தூங்கும்படி ஓர் அமைப்பு இருந்தது. அதை நிறுத்தினோம். அதன்பிறகு ஓர் எழுத்தும் விட்டுப்போகவில்லை.

அதிகாரியிடம் சொன்னோம். "பாக்கலாம்" என்றார் மறுபடியும். வேலை வரவில்லை. சார் தினமும் நேரத்துக்கு வந்தார், பழைய மனுக்களைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார், சாயங்காலம் பஸ் பிடித்தார்.

சிதம்பரத்தில் எல்லாம் முடிந்து திரும்பிய மறுநாள் அதிகாரி என்னிடம், "செல்வமணி சீட் வேலையையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

"எந்த வேலைங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் அறைக்குள் போனார். நான் சாரின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீரப்பாளையத்து மனுவைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் புரியவில்லை. குரலின் வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கேட்டேன். நூற்று நாற்பத்திரண்டு என்றது, முழுசாக.

போய் வாருங்கள் சார். உங்கள் கணினி தயாராகத்தான் இருந்தது. நீங்களும்தான்.