ரமேஸ் சேரின் ஸ்டுடியோ

பதுளை பஸார் வீதியில், செருப்புக் கடைக்கும் போன் கடைக்கும் நடுவே ஏறும் படிக்கட்டின் உச்சியில் ஆறு அறைகள் வரிசையாக இருந்தன. முன்னால் ஒற்றை வராந்தா. கோடியில் எல்லோருக்குமாக ஒரே தண்ணீர்க் குழாய். தேயிலைத் தோட்டத்தில் இதற்கு லயம் என்று பெயர். வீட்டுக்காரர் ரமேஸ் இதை ‘வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்டுடியோ அபார்ட்மென்ட்’ என்று கூசாமல் பேஸ்புக்கில் போட்டிருந்தார்.

கோகிலவாணிக்கு எப்படியாவது ஓர் அறை வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் வேலை முடிவதற்குள் தெமோதரைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். டவுனில் தங்க இடம் பார்க்காவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“தெமோதரையில டவுன் பக்கமா, தோட்டமா?” என்று அவள் ஊரைக் கேட்டதும் ரமேஸ் மூக்கைச் சுளித்தார். “தோட்டத்து ஆளுங்களுக்கு நான் குடுக்கிறதில்ல தங்கச்சி.”

“டவுன் பக்கந்தான் சேர்” என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

இந்த ரமேஸ் என்ன அரண்மனையில் பிறந்தவரா? இருபது வயதுவரை லயத்தில் கிடந்து, டுபாயில் லொறி ஓட்டி, அத்தர் வாசனையோடு திரும்பி வந்தவர். இப்போது விடிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பார். எவள் லைட்டை அணைக்கவில்லை, எவள் இரண்டு வாளி தண்ணீர் பிடித்தாள் என்று பார்ப்பார். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் கங்காணிகூட இவ்வளவு விறைப்பாக நின்றிருக்க மாட்டான்.

குடிவந்த சில வாரங்களிலேயே கோகிலவாணிக்கு விஷயம் பிடிபட்டது. ஆறு அறையிலும் தோட்டத்துப் பெண்கள்தான். பக்கத்து அறை விஜயலெட்சுமி பெரகலத் தோட்டம். அப்புத்தளை டவுன் என்று சொல்லித்தான் அறை வாங்கியிருந்தாள். கூரை ஒழுகினாலும் ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. குறை சொன்னால் ரமேஸ் ஊரைத் துருவிக் கேட்பார், பொய் வெளியே வந்துவிடுமே.

இது ரமேஸுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். உண்மையான டவுன்காரி இந்தக் குழாயடியில் ஒருநாள் நிற்பாளா? அவருக்கு வேண்டியது, பொய் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கிடக்கும் தோட்டத்து ஆள்தான். எத்தனை மட்டமான புத்தி என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கீரைப் பையோடு படியேறி வந்தாள். வராந்தாவில் நின்ற ரமேஸ், கொழுந்துக் கறை படிந்த அவள் விரல்களைப் பார்த்தார்.

“யாரு தங்கச்சி இது? வேலைக்கு வந்த பொம்பளையா?”

கோகிலவாணி பதில் சொல்லுமுன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாங்கய்யா. சாமான் கழுவ வந்தேங்க.”

கோகிலவாணி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அறை போனால் போகட்டும், வேலையும் போகட்டும்.

“எங்க அம்மா சேர். தெமோதரையில கொழுந்து எடுக்கிறாங்க. நானும் அந்த லயத்துலதான் பொறந்தேன்.”

ரமேஸ் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தார். “மெதுவா பேசு தங்கச்சி. மத்தவங்க காதுல விழப்போகுது.”

“விழுந்திருச்சு சேர்” என்று விஜயலெட்சுமி கதவைத் திறந்தாள். “நான் பெரகலத் தோட்டம். கூரையும் ஒழுகுது.”

அடுத்தடுத்து மற்ற நான்கு கதவுகளும் திறந்தன. எல்லோரையும் துரத்தினால் ஆறு அறையும் சும்மா கிடக்கும். ரமேஸ் கணக்கில் கெட்டிக்காரர். “சரி, சரி, கூரையைப் பாக்கிறேன்” என்று முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கோகிலவாணி அம்மாவை உள்ளே இழுத்தாள். “வேலைக்காரின்னு ஏம்மா சொன்ன? வெக்கமா இல்லையா ஒனக்கு?”

அம்மா கீரையைத் தரையில் பரப்பினாள்.

“நீதானே புள்ள போன்ல சொன்ன, இங்க வந்தா தோட்டம்னு வாய தொறக்காதன்னு. ஒனக்கு ரூம் போயிரக்கூடாதேன்னு சொன்னேன்.”

ரமேஸைத் திட்ட வைத்திருந்த ‘மட்டமான புத்தி’ இப்போது யாருடையது என்று நினைத்தபடி, கோகிலவாணி அம்மாவின் எதிரே உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினாள்.