என்னிடம் பேசாத குடிகாரர்கள்

குடியை விடவைக்க ஆட்களைப் பழக்குகிற வேலை இருக்கிறதே, அதில் வாத்தியாருக்கு மரியாதை முதல் நாள் மட்டும்தான். தன்னைவிடக் கெட்டிக்கார மாணவனுக்குப் பாடம் எடுத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் அவஸ்தை புரியும். எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய மையம். மலையோர ஊர்களுக்குப் போகும் ஆலோசகர்களுக்கு நான்தான் பயிற்சியாளன், எம்.ஏ. வேறு. ஆனால் அதே ஊர் வலியசாலையில் என் சொந்த அண்ணாவே குடித்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

அப்போதுதான் என்னிடம் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார் தங்கையன். மார்த்தாண்டம் பக்கத்துக் கொத்தனார்; வகுப்பில்லாத நேரத்தில் பூச்சு வேலைக்கும் போவார். எட்டாம் வகுப்பு. குடித்துக் கெட்டு, விட்டு நாலு வருஷம் ஆனவர்.

தள்ளாட்டம்

வகுப்பில் நடித்துக் காட்டுவது வழக்கம். நான் குடிகாரனாக வேட்டியைத் தழையவிட்டு, மேஜையில் முட்டி, நாக்குக் குழறி அமர்க்களப்படுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள், தங்கையனைத் தவிர. என்னய்யா குறை என்று நான் கேட்டது என் கிரகசாரம்.

"சார், குடிச்சவன் ஆட மாட்டான். ஆடாம நடக்கதுக்குத்தான் கெடந்து பாடுபடுவான்."

கல்லாறு

கல்லாற்றுக்கு மேலே மலைவாசிகளான காணிக்காரர் குடியிருப்பு. ஒரு வீட்டு முற்றத்தில் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "தினம் எவ்வளவு குடிப்பீங்க?" என்று படிவப்படி கேட்டேன். வீட்டுக்காரர் எழுந்து ஆட்டைக் கட்டப் போய்விட்டார். தங்கையன் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் குந்தினார். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தபடி, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் பன்றி இறங்குவதைப் பற்றியே பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த மனுஷர் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எனக்கோ வயிறு பற்றி எரிந்தது. கிளம்பும்போது அவர் மனைவி என்னிடம் பரிவாகச் சொன்னாள்:

"அடுத்த தடவ சார் மலையேறிக் கஷ்டப்படண்டாம். இந்த அண்ணன் மட்டும் போதும்."

பத்துக்கு மூன்று

தேறினால்தான் தங்கையனுக்குக் கல்லாற்றில் வேலை. மார்க் என் கையில். பயிற்சிக்காகத் தானே வெளியே ஒருவரைப் பார்த்துப் பேசி அவர் எழுதிக் கொடுத்த குறிப்பில், சந்தித்தவர் பெயர்: 'ஒரு ஆளு'. பேசியது: 'கொஞ்சம் காரியம்'. எனக்கு இது போதாதா! பெயரில்லை, விவரமில்லை என்று சிவப்பு மையில் எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன். போடும்போது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! தாளை வாங்கிய டைப்பிஸ்ட் சுபத்ரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாரே, இது மார்க்கோ, அசூயையோ?"

ஒரு ஆளு

அந்த வாரமே மன்னி வந்தாள். "நாப்பது நாளா உங்கண்ணா தொடலை. நம்மாத்துச் சுவர் பூச வந்த கொத்தனாரோட தினம் கரமனை ஆத்தங்கரையிலே உக்காந்துண்டிருக்கார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டியவன்தானே நான்? ஓடிப்போய்ப் பார்த்தேன். படித்துறையில் அண்ணாவும் தங்கையனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அண்ணா சிரித்துக்கொண்டிருந்தான். தங்கையனைத் தனியே இழுத்து, "குறிப்பிலே எழுதின அந்த 'ஒரு ஆளு' எங்கண்ணாதானா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மார்க் போட்டிருக்க மாட்டேனா?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நான் பாஸாயிருப்பேன் சார். ஒங்க அண்ணன் மறுநாள் வந்திருக்க மாட்டாரு."

மார்க்கை மறுநாளே திருத்திவிட்டேன். ஆறு வருஷம் என்னிடம் சொல்லாததை அண்ணா அவரிடம் போய்ச் சொன்னானே என்கிற வயிற்றெரிச்சல் மட்டும் ரிட்டயர் ஆகியும் தீரவில்லை.