மெழுகுவத்தியும் என் வீட்டுக்காரர் மூக்கும்

மெழுகுவத்திக்கு எதிரி காற்று என்பார்கள். வீட்டில் ஊற்றி விற்கிறவளுக்கு எதிரி மூக்குதான். அடுப்படியில் மெழுகு உருக்கி அவதிப்படும் என் சகோதரிகளுக்கு இது தெரியும். என் வீட்டுக்காரர் முருகேசன் குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீ ருசி பார்ப்பவர். அவர் மூக்குதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதே வீட்டில் வாசனை மெழுகுவத்தி செய்யக் கிளம்பினேன் என்றால், என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைலம் படுத்திய பாடு

ஊரெல்லாம் தைலம் விற்கிறதே, வாசனைக்கு வேறெங்கே போவானேன் என்று, கொதிக்கிற மெழுகில் அரை பாட்டில் யூகலிப்டஸ் தைலத்தைக் கவிழ்த்தேன். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. குப்பென்று ஆவி எழுந்து கண்ணைப் பிடுங்கியது. தைலம் சட்டென்று தீப்பற்றும் சரக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அன்று வீடு தப்பியது தெய்வச் செயல். அதிலிருந்து மெழுகுவத்திக்கென்றே வரும் எண்ணெயைத்தான், மெழுகைச் சற்று ஆறவிட்டு, எடை பார்த்து ஊற்றுகிறேன். அன்று இவர் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்:

“ஏனம்மணி, எனக்குச் சளியே புடிக்கலயே, அதுக்குள்ள எதுக்கு வைத்தியம்?”

மல்லிகை ஸ்வெட்டர்

அடுத்தது மல்லிகை. நல்ல எண்ணெய், சரியான அளவு. ஆனால் சோதனைக்கு ஏற்றிய மெழுகுவத்திக்குப் பக்கத்தில் இவர் ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. டீ ருசி பார்க்கும் அறைக்குள் பூ வைத்துக்கொண்டுகூட யாரும் போக மாட்டார்கள். இவர் அந்த ஸ்வெட்டரோடு போய், எல்லாக் கோப்பையிலும் மல்லிகை மணக்கிறதென்று நல்ல டீயை ஒதுக்கச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொன்னாராம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளே மெழுகு அடுப்பைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றினேன். வீட்டுக்குள் ஏற்ற, வாசனையே சேர்க்காமல் நாலு மெழுகுவத்தி ஊற்றினேன். மேனேஜர் கேட்டது மட்டும் இன்னும் மறக்கவில்லை:

“ஏப்பா முருகேசா, இது டீ ஃபேக்டரியா, கல்யாண ஊடா?”

இன்னும் ரெண்டு ஸ்பூன்

ஊட்டியில் தங்கும் விடுதி நடத்தும் சாந்தாமணி அக்கா என் பெரிய வாடிக்கை. ‘கதவைத் தொறந்ததும் லாவெண்டர் தூக்கோணும், இன்னும் ரெண்டு ஸ்பூன் ஊத்து’ என்றார். மலையில் யார் ஜன்னலைத் திறக்கிறார்கள்? அடைத்த அறைக்குப் பாதி அளவே போதும் என்று மறுத்தேன். கோபித்துக்கொண்டு வேறிடத்தில் வாங்கினார்.

ஆடி மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. விடுதியில் அந்த லாவெண்டரே விளக்கானது. தங்கியிருந்த ஒரு குழந்தை மூச்சுத் திணறி இருமியது. ஜன்னலைத் திறந்து, மெழுகுவத்தியை அணைத்து, குழந்தையை வெளியே தூக்கிப்போன பிறகுதான் இருமல் அடங்கியது. மறுநாள் அக்கா என் வீட்டில் நின்றார். மேஜையில் இவருக்காக ஊற்றிய மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தார், இன்னொரு தரமும் முகர்ந்தார்.

“இதுல ஒரு வாசமும் இல்லியே அம்மணி... இதுலயே அம்பது குடு!”

வாசனை விற்கக் கடை விரித்தவள், வாசனையே இல்லாததை அதிகம் விற்று, வீட்டுக்காரர் மூக்கையும் காப்பாற்றிக்கொண்டு பிழைக்கிறேன்.