ஐம்பத்தொரு யார்: உதைத்தவர் சிவகுமாரன்

செவ்வாய்க்கிழமை காலை, நானும் சிவகுமாரன் அண்ணையும் வேலை செய்த எசன் நகரச் சலவைத் தொழிற்சாலைக்கு, எங்கள் கழகத்து ஆட்டக்காரர் யென்ஸ் தொலைபேசி எடுத்தார். "சிவாவின் இதயம் நின்றுவிட்டது" என்று ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு அழுதார். முதல்நாள் பின்னேரம்தான் அண்ணை கழகத் திடலில் பத்துப் பந்து உதைத்துவிட்டுப் போயிருந்தார். வயது நாற்பத்து மூன்று.

எங்கள் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட மரண அறிவித்தல் அவரை "விளையாட்டில் ஆர்வமுள்ளவர்" என்கிறது. ஆர்வமாம்! அமெரிக்கன் புட்போலில் ஒரு கழகத்தின் சாதனையே அவருடையது. அதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்கு உதைபந்தாடியவர் அவர். எசனுக்கு வந்தபோது அகதி விடுதிக்குப் பக்கத்தில் இந்தக் கழகத்தின் திடல் இருந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைக்க ஒரு ஆள் தேவை என்றார்கள். அண்ணை கேட்ட முதல் கேள்வி, "இதிலை ஆகக் கூடினது எவ்வளவு?" அமெரிக்காவில் அறுபத்து மூன்று யார் தூரம் என்றார் பயிற்சியாளர். "சரி" என்றார் அண்ணை. பயிற்சியாளர் சிரித்தார், அண்ணை சிரிக்கவில்லை.

இவள் பிழையில்லாமல் ஜேர்மன் எழுதுவாள் என்று சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டுபோய்ப் புள்ளித்தாள் எழுத உட்கார வைத்தவர் அவர்தான்.

அவரிடம் அப்போது இருந்தது டுல்டுங். திருப்பி அனுப்புவதைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்லும் ஒரு தாள். அதை வைத்திருப்பவர் அனுமதியின்றி மாநில எல்லையைத் தாண்டக்கூடாது. ஆகவே மாநிலத்துக்குள் நடக்கும் ஆட்டங்களில் அண்ணை உதைப்பார், வெளியே என்றால் யென்ஸ் உதைப்பார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் வேறு மாநிலத்தில், பிறேமனில். அனுமதி கேட்டு அண்ணை அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தைக் கொடுத்தார். ஆட்ட நாள்வரை பதிலில்லை. பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்துவிட்டார்.

"அண்ணை, பிடிச்சால் என்ன செய்வியள்?" என்றேன்.

"இல்லையெண்டு அவங்கள் சொல்லேல்லைத்தானே, தங்கச்சி? நான் ஓம் எண்டு எடுத்துக்கொண்டன்."

எல்லையைத் தாண்டும்போது கொஞ்சம் குனியச் சொன்னார் யென்ஸ். அண்ணை குனியவில்லை.

ஆட்டத்துக்கு முன் யென்ஸின் கணுக்கால் சுளுக்கிவிட்டது. அனுமதி வராததால் அண்ணையின் பெயர் அன்றைய ஆட்டப் பட்டியலில் இல்லை; யென்ஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கடைசி வினாடிகளில் எங்களுக்கு இரண்டு புள்ளி குறைவு. ஐம்பத்தொரு யார் தூரம், நாற்பத்தாறு மீட்டருக்கும் மேல். மழை வேறு. பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனது, மூன்று புள்ளி. ஆட்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். மேலே இருந்தபடி என்னைப் பார்த்துக் கத்தினார்: "இன்னும் பன்னிரண்டு யார்தான், தங்கச்சி!"

புள்ளித்தாளில் நான் யென்ஸின் பெயரை எழுதினேன். பத்திரிகையில் வந்தால் பொலிசுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவரைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன். திரும்பும் வழியில் அண்ணை அதை அறிந்துவிட்டார். எசனில் இறங்கும்போது கேட்டார்: "என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டனானே?"

அந்த வெற்றியால் கழகம் மேல் லீக்குக்கு ஏறியது. கழகத்தின் ஆகத் தூரமான உதை என்று சாதனைப் பலகையில் யென்ஸின் பெயரோடு பித்தளைத் தகடு ஏறியது.

வதிவிட அனுமதி கையில் கிடைத்த அன்றே அண்ணை கழக அலுவலகத்துக்குப் போனார். பெயரை மாற்றினால் ஆள்மாறாட்டம் வெளியே வரும், வெற்றி பறிபோகும் என்றது நிர்வாகம். "வெற்றியை எடுக்கட்டும், என்ரை பேரைத் தரட்டும்" என்றார். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் கடைசியாக "இதர விடயங்கள்" வரும்போது எழுந்து நிற்பார். சப்பாத்தைத் துடைத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவார். அதே கோரிக்கை. வாக்கெடுப்பில் இரண்டே கைகள்: அவருடையது, யென்ஸுடையது.

மூன்று ஆண்டுகள் அப்படி. என் கை மூன்று முறையும் மடியில்தான் கிடந்தது. பொய் எழுதிய கையென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அண்ணை ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு யென்ஸ் வந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காலையில் தானே கழற்றினாராம். "நீ எழுதியது. நீயே திருத்து" என்றார்.

தகட்டின் மறுபக்கத்தில் அண்ணையின் முழுப்பெயரைப் பொறிப்பித்தேன். நேற்றுப் பகல், எல்லோரும் பார்க்க, பலகையில் திருப்பிப் பூட்டினேன். நான்கு திருகாணியையும் இந்தக் கையாலேயே இறுக்கினேன். உண்மையை எழுதி லீக்குக்கும் அனுப்பிவிட்டேன். வெற்றி போனால் போகட்டும். தகட்டைக் கழற்ற வருபவர் முதலில் என்னோடு கதைக்கட்டும்.

போய்வாருங்கோ, அண்ணை. இன்னும் பன்னிரண்டு யார்தான்.